வாடாத பூவும் நாற்பது பூச்சியும்

சிங்காரம் என்ற தூக்கணாங்குருவிக்கு இரண்டு வருஷமாகக் கல்யாணம் தட்டிப்போய்க்கொண்டே இருந்தது.

குறை அவன் அழகில் இல்லை. பளிச்சென்று மஞ்சள் தலை, கறுத்த முகம், நிமிர்ந்த நடை. குளத்தங்கரைக் கருவேலமரத்தில் கூடு கட்டுகிற பதினாறு குருவிகளில் அவனைப்போல எடுப்பானவன் யாரும் இல்லை. குறையெல்லாம் அவன் கட்டுகிற கூட்டில்தான்.

தூக்கணாங்குருவிகள் வழக்கம் நம் வழக்கத்துக்கு நேர் தலைகீழ். அங்கே மாப்பிள்ளை பெண் பார்க்கப் போவதில்லை. பாதிக் கூட்டைக் கட்டித் தொங்கவிட்டு, வாசலில் இறக்கையை அடித்துக்கொண்டு அவன் நிற்க வேண்டும். பெண் வந்து வீடு பார்ப்பாள். கூட்டின் நாரை அலகால் பிடித்து மூன்று தடவை இழுப்பாள். கூட்டில் தொங்கிக்கொண்டு ஊஞ்சலாடுவாள். உள்சுவரில் களிமண் அப்பியிருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பாள். களிமண்ணின் கனம் இருந்தால்தான் காற்றில் கூடு தட்டாமாலை சுற்றாது. எல்லாம் பிடித்திருந்தால் மீதியையும் கட்டச் சொல்வாள். பிடிக்காவிட்டால் ஒரு வார்த்தை பேசமாட்டாள். பக்கத்து வீட்டுக்குப் பறந்துவிடுவாள்.

முதல் வருஷம் சிங்காரத்தின் கூட்டைப் பார்க்க வந்தவள் நாரை இழுத்தாள். நார் அலகோடு வந்துவிட்டது. இரண்டாம் வருஷம் வந்தவள் ஊஞ்சலாடினாள். அவள் ஆடி முடிப்பதற்குள் கூடு குளத்தில் கிடந்தது.

"ஏல, ஒரு முடிச்சுக்கு மூணு சுத்து சுத்தணும்!" என்பான் பக்கத்துக் கிளை ஆவுடையப்பன். "நீ ஒரு சுத்துச் சுத்திட்டுத் தண்ணியில மூஞ்சி பாக்கப் போயிடுற. அப்புறம் எப்படி நிக்கும்?"

ஆவுடையப்பன் பார்க்கச் சுமாராகத்தான் இருப்பான். பேச்சிலும் ருசி கிடையாது. நாரைப் பற்றி ஆரம்பித்தால் நாரைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பான். ஆனால் வருஷம் தவறாமல் அவன் கூட்டில் குஞ்சுகள் கத்தும். அதுதான் சிங்காரத்துக்கு வயிற்றெரிச்சல்.

மூன்றாம் வருஷம் ஆனி மாதம் சாரல் தொடங்கியது. பதினைந்து குருவிகள் நாரைக் கிழித்து முடிச்சுப் போட ஆரம்பித்தன. சிங்காரம் ஒரு கிளையில் கன்னத்தில் இறக்கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இந்தத் தடவையும் யாரும் வராவிட்டால்? ஒற்றையாளாகவே இந்த மரத்தில் கிழடு தட்டிப் போய்விடுமோ? நினைக்க நினைக்க அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

"என்னவே சிங்காரம், மூஞ்சியைத் தொங்கப்போட்டு உக்காந்திருக்கீரு?"

கேட்டவர் கரியமாணிக்கம் அண்ணாச்சி. ஊருக்குள் இருக்கிற கல்யாண மண்டபத்துக்குப் பின்னால் குடியிருக்கிற காக்கை. பந்தி முடிந்த இலைகளில் வளர்ந்த உடம்பு. அவர் உட்கார்ந்தால் எந்தக் கிளையும் ஒரு சாண் இறங்கும்.

"கூடு கட்டணும் அண்ணாச்சி. கட்டினா நிக்க மாட்டேங்குது."

"நிக்கிறது கெடக்கட்டும். யாருவே நிக்குதான்னு பாக்கா? வாசல்ல அலங்காரம் இருக்கான்னுதான் பாப்பாங்க. நான் மண்டபத்துல எத்தனை கல்யாணம் பாத்திருக்கேன்! வாசல்ல பூவளைவு, மேசையில பூங்கொத்து, மேடை முழுக்கப் பூ. பாத்தவன் வாயைப் பொளந்துட்டு உள்ள போவான். சோத்துல உப்பு இல்லைங்கிறதுகூட அவனுக்குத் தெரியாது."

"பூவுக்கு நான் எங்க போவேன் அண்ணாச்சி? பறிச்சு வச்சா மத்தியானத்துக்குள்ள வாடிப்போயிடுமே!"

கரியமாணிக்கம் கண்ணைச் சிமிட்டினார். இறக்கையை அடித்துக்கொண்டு பறந்து போனார். திரும்பி வரும்போது அவர் அலகில் ஒரு ரோஜா இருந்தது. அப்படியொரு சிவப்பு! இதழில் ஒரு பனித்துளி பளபளத்தது.

"தொட்டுப் பாரும்."

சிங்காரம் தொட்டுப் பார்த்தான். துணி. காம்பு பிளாஸ்டிக். பனித்துளி பசை.

"பொய்ப் பூவா!"

"மெதுவாப் பேசும்வே! பொய்ப் பூன்னு உமக்கும் எனக்கும்தான் தெரியும். மண்டபத்துக்காரங்க பழசுன்னு தூக்கிக் குப்பையில போட்டுட்டாங்க. ரோஜா இருக்கு, மல்லிகைச் சரம் இருக்கு, பேரே தெரியாத சீமைப்பூ இருக்கு. வாடாது, உதிராது, தண்ணி ஊத்த வேண்டாம். பனித்துளி மத்தியான வெயில்லயும் காயாது. வாசனையை மட்டும் எங்கிட்டக் கேக்காதீரும்."

"உங்களுக்கு நான் என்ன தரணும்?"

"எனக்கு என்னவே வேணும்? அலங்காரம் யாருன்னு கேட்டா, கரியமாணிக்கம்னு நாலு பேருகிட்ட சத்தமாச் சொல்லும். அது போதும்."

அன்றைக்கே வேலை ஆரம்பமாகிவிட்டது. சிங்காரம் அவசர அவசரமாக ஒரு கூட்டைப் பின்னினான். ஒரு முடிச்சுக்கு ஒரு சுற்று. சிலதுக்கு அதுவும் இல்லை, சொருகிவிட்டதோடு சரி. பிறகு குளத்தில் இறங்கி ஈரக் களிமண்ணை உருட்டி உருட்டிக் கொண்டுவந்தான். கூட்டுக்குள் அப்ப வேண்டிய களிமண்ணை எல்லாம் வெளியே அப்பினான். அதில் ரோஜாவைக் குத்தினான். வாசலைச் சுற்றி மல்லிகைச் சரம். உச்சியில் சீமைப்பூ, கிரீடம் மாதிரி.

கரியமாணிக்கம் எட்டத்தில் உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தார்.

"அந்தப் பச்சை இலையைக் கொஞ்சம் இடப்பக்கம் தள்ளும்! ஆங், இப்பத்தான் கண்ணுக்கு நெறஞ்சிருக்கு!"

மரமே திரண்டு வந்து பார்த்தது. குருவிகளுக்கு மூக்கின்மேல் வைக்க விரல் கிடையாது. இருந்திருந்தால் பதினைந்து பேரும் வைத்திருப்பார்கள். "எங்கடே பறிச்சே?" "எப்படிடே வாடாம வச்சிருக்கே?" என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். குளத்துத் தவளைகூடத் தண்ணீரிலிருந்து தலையை நீட்டி, "மகராசன் வீடு!" என்றது. ஆவுடையப்பன் மட்டும் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "களிமண்ணை உள்ளதானே வைக்கணும்?" என்று கேட்டான்.

"உனக்குப் பொறாமை!" என்றான் சிங்காரம். குருவிக்குப் பல் கிடையாது. இருந்திருந்தால் முப்பத்திரண்டும் தெரிந்திருக்கும்.

அடுத்த நாள் காலையில் ஒரு தேனீ வந்தது. ரோஜாவில் உட்கார்ந்தது. ஊசிமூக்கை உள்ளே விட்டது. எடுத்தது. மறுபடி விட்டது. பக்கத்து ரோஜாவுக்குப் போனது. மல்லிகைக்குப் போனது. அரை நாழிகை கழித்துக் களைத்துப்போய் வெளியே வந்தது.

சிங்காரத்துக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "தேனீயே ஏமாந்துட்டுது! அண்ணாச்சி, தேனீயே ஏமாந்துட்டுது!" என்று கிளையில் குதித்தான்.

தேனீக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"பந்தின்னு கூப்பிட்டு வெறும் இலையைப் போட்ட வீட்டை இப்பத்தான்யா பாக்கேன்! இனிமே எங்க கூட்டத்துல ஒருத்தரும் இந்தக் கிளைப் பக்கம் எட்டிப் பாக்க மாட்டோம். வண்ணத்துப்பூச்சிகிட்டயும் சொல்லிடுதேன்! அந்துப்பூச்சிகிட்டயும் சொல்லிடுதேன்!"

சொன்னபடியே சொல்லிவிட்டது. அன்று சாயங்காலத்திலிருந்து சிங்காரத்தின் கிளையில் ஒரு கொசுகூட உட்காரவில்லை. அவன் அதைக் கவனிக்கவும் இல்லை. அவனுக்கென்ன, அவன் தானியம் தின்கிறவன்.

மூன்றாம் நாள் பெண்கள் வந்தார்கள்.

அதில் ஒருத்தி வடிவு. நல்ல விவரமானவள், வாய்த்துடுக்கும் உண்டு. வந்த வேகத்தில் பதினோரு கூட்டைப் பார்த்துப் பதினொன்றையும் கழித்துவிட்டாள். அவளைக் கண்டால் ஆண்குருவிகளுக்கு இறக்கை அடிப்பதே மறந்துபோகும். நேராகச் சிங்காரத்தின் வாசலில் வந்து இறங்கினாள். நாரைப் பிடிக்க அலகைத் திறந்தாள். திறந்த அலகு திறந்தபடியே நின்றது.

"இது எல்லாம் பூவா?"

"பூதாங்க. அலங்காரம் கரியமாணிக்கம்."

"வாடவே இல்லையே?"

"தினமும் விடியும்போது மாத்திடுவேன்."

பொய் எவ்வளவு சுலபமாக வந்தது என்று சிங்காரத்துக்கே ஆச்சரியம். வடிவு ஒரு ரோஜாவை முகர்ந்து பார்த்தாள்.

"வாசனையைக் காணோமே?"

"சாரக்காத்து அடிச்சுட்டுப் போயிடுது."

இலைக்கு அடியில் ஒரு வெள்ளைத் தாள் ஒட்டியிருந்தது. அதில் கறுப்புக் கறுப்பாகக் கோடுகள். மண்டபத்துக்காரர்கள் கடையில் வாங்கியபோது ஒட்டி வந்தது.

"இது என்ன?"

சிங்காரத்துக்கு வியர்த்துவிட்டது. "அது மச்சம். அதிர்ஷ்டமான பூவுக்குத்தான் இருக்கும்."

வடிவு இன்னொரு சமயமாக இருந்தால் சிரித்திருப்பாள். நாரை இழுத்திருப்பாள், ஊஞ்சலாடியிருப்பாள், களிமண்ணை எட்டிப் பார்த்திருப்பாள். அன்றைக்கு ஒன்றுமே செய்யவில்லை. பூவையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் மனசில் வேறொரு கணக்கு ஓடியது.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லுதேன்," என்றாள். அவள் குரல் இறங்கிவிட்டது. "போன வருஷம் எனக்கு மூணு குஞ்சு. நம்ம பிள்ளைகளுக்குச் சின்னதுல தானியம் இறங்காதுல்லா? பூச்சிதான் ஊட்டணும். வாய்ச்சவன் வேற ஒருத்திக்கு ரெண்டாவது கூடு கட்டப் போயிட்டான். ஒத்தையில நின்னு ஒவ்வொரு பூச்சிக்கும் குளத்தையே சுத்தினேன். கடைசிக் குஞ்சு... அதுக்கு மட்டும் பத்தாமப் போச்சு."

வடிவு திரும்பி மறுபடியும் பூக்களைப் பார்த்தாள்.

"இத்தனை பூ இருந்தா பூச்சி தானா வாசலுக்கு வரும். நான் உக்காந்த இடத்துலயே பிள்ளைங்க வாய்க்கு ஊட்டிடுவேன். உங்க வீட்டுக்கு எனக்குச் சம்மதம். மீதியைக் கட்டுங்க!"

மரமே கைதட்டியிருக்கும், கை இருந்திருந்தால். கரியமாணிக்கம் மட்டும் "பாத்தீரா, நான் சொன்னேன்லா!" என்று கரைந்தார். சிங்காரம் சிரித்தான்.

பூச்சி தானாக வாசலுக்கு வருமாம்!

அவன் தேனீயைத் தேடிப் போனான். காலில் விழாத குறையாகக் கெஞ்சினான்.

"சும்மா வந்து உக்காந்துட்டுப் போனாப் போதும். ஒரு பத்துப் பேரு. ஒரு நாளைக்கு ஒரு தடவை."

"எதுக்கு?"

"பூன்னு தெரியணும்ல?"

"அப்பப் பூவை வையும்!" என்று சொல்லிவிட்டுத் தேனீ வேலையைப் பார்க்கப் போனது.

அன்றைக்கு ஆரம்பித்தது சிங்காரத்தின் ஓட்டம்.

விடிந்தும் விடியாமல் வயலுக்குப் போவான். வெட்டுக்கிளி, கம்பளிப்புழு, தட்டான், வண்டு என்று எது கிடைத்தாலும் பிடிப்பான். பூவில் கொண்டுவந்து வைப்பான். வைத்தால் உட்காருமா? அது தாவி ஓடிவிடும். அதனால் களிமண்ணை எடுத்துப் பூச்சியின் காலைப் பூவோடு சேர்த்து ஒட்டிவிடுவான். வடிவு தானியம் பொறுக்கித் திரும்பும்போது ஒவ்வொரு பூவிலும் ஒரு பூச்சி காலை உதைத்துக்கொண்டிருக்கும்.

"எவ்வளவு பூச்சி!" என்பாள் வடிவு மனம் நிறைந்து.

"எல்லாம் பூவோட ராசி," என்பான் சிங்காரம் மூச்சு வாங்கிக்கொண்டு.

முட்டையிடப் போகிற பெண்ணுக்குப் பசி அதிகம். வடிவு ஒரு பூச்சி விடாமல் தின்றுவிட்டு, "சாயங்காலம் இன்னும் வரும்லா?" என்பாள். சிங்காரம் மறுபடியும் வயலுக்கு ஓடுவான். முதல் நாள் எட்டுப் பூச்சி பிடிக்கவே அவனுக்கு நாக்குத் தள்ளியது. நான்காம் நாள் இருபது. ஏழாம் நாள் நாற்பது. எந்தப் புல்லில் வெட்டுக்கிளி படுத்திருக்கும், எந்த இலைக்கு அடியில் புழு சுருண்டிருக்கும் என்று எல்லாம் அவனுக்கு அத்துப்படி ஆகிவிட்டது. தண்ணீரில் முகம் பார்க்க நேரமே இல்லை. மஞ்சள் தலை சேறு பூசிக் கிடந்தது.

"ஏல சிங்காரம்," என்றான் ஆவுடையப்பன் ஒரு நாள். "இவ்வளவு ஓடுற நீ, அதுல கால்வாசி ஓடியிருந்தா முடிச்சை எல்லாம் ஒழுங்காப் போட்டிருக்கலாமே?"

"நேரம் இல்ல!" என்று கத்திக்கொண்டே சிங்காரம் ஒரு தட்டானைத் துரத்தினான்.

அது உண்மைதான். கூட்டின் மீதியை அவன் கட்டிய லட்சணம் சொல்லும்படியாக இல்லை. கீழே தொங்குகிற நீளக் குழாய்வாசலை ஓட்டமும் நடையுமாகப் பின்னினான். களிமண் ஓர் உருண்டைகூட உள்ளே போகவில்லை. எல்லாம் பூச்சிக் காலுக்கே சரியாகப் போயிற்று.

வடிவுக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"இந்தப் பூச்சிக்கெல்லாம் ஏன் கால்ல சேறு?"

"வயல் வழியா நடந்து வருது பாரு, அதான்."

"பறக்கிற பூச்சிகூடவா நடந்து வருது?"

"களைச்சுப் போயிருக்கும்."

வடிவு அவனை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு கோரைப்புல்லின் பஞ்சைக் கொண்டுவந்து உள்ளே மெத்தை போட ஆரம்பித்தாள். மறுநாள் முட்டை இட்டுவிடுவாள். அந்தச் சந்தோஷத்தில் அவளுக்கு மற்றதெல்லாம் சின்னதாகத் தெரிந்தது.

அன்றைக்கு மத்தியானம்தான் காற்று கிளம்பியது.

ஆடி பிறந்து இரண்டாம் நாள். மேற்கே மலை மேகத்தில் மறைந்தது. சாரல் சாய்ந்து அடித்தது. கருவேலக் கிளைகள் எல்லாம் ஒரே பக்கமாக வாரிவிட்ட மாதிரி திரும்பின. ஆவுடையப்பனின் கூடு லேசாக அசைந்துவிட்டு நின்றது. உள்ளே களிமண் கனமாக இருந்தது. சிங்காரத்தின் கூடோ பேய் பிடித்தது போல ஆடியது. துணிப்பூக்கள் மழைத்தண்ணீரைக் குடித்துக் குடித்துக் குண்டாகிவிட்டன. உள்ளே கனம் இல்லை, வெளியே கனம். சீமைப்பூ காற்றைப் பிடித்து இழுத்தது. ஒரு சுற்றுப் போட்ட முடிச்சுகள் ஒவ்வொன்றாக அவிழ்ந்தன.

சிங்காரம் அலகில் ஒரு வெட்டுக்கிளியோடு திரும்பி வந்துகொண்டிருந்தான். அவன் கண் எதிரேயே கூடு கிளையிலிருந்து பிய்ந்தது. பூவும் சரமும் கிரீடமுமாகக் குளத்தில் போய் விழுந்தது.

"வடிவூ!"

வெட்டுக்கிளி பிழைத்தோம் என்று ஓடியது. சிங்காரம் தண்ணீரில் பாய்ந்தான். தூக்கணாங்குருவிக்கு நீச்சல் தெரியாது. அது அந்த நேரத்தில் அவனுக்கு ஞாபகம் இல்லை. இறக்கையை அடித்துக்கொண்டு கூட்டைப் பிடித்தான். வாசலில் தலையை விட்டான். உள்ளே பஞ்சும் தண்ணீரும்தான் இருந்தன.

"ஐயோ வடிவு! நான் பாவி! பூ எல்லாம் பொய்! துணி! காக்கா மண்டபத்துக் குப்பையில பொறுக்கினது! மச்சம் இல்ல, தாளு! உள்ள ஒரு உருண்டை களிமண்கூட வைக்கல! பூச்சி ஒண்ணுகூடத் தானா வரல! எல்லாம் நான் பிடிச்சு நான் ஒட்டினது! உன்னைக் கொன்னுட்டேனே!"

"எத்தனை?" என்று மேலிருந்து ஒரு குரல் கேட்டது.

சிங்காரம் நிமிர்ந்தான். கிளையில் வடிவு உட்கார்ந்திருந்தாள். முதல் ஆட்டத்திலேயே வெளியே பறந்துவிட்டாள். விவரமானவள் என்று முன்னமே சொன்னேன் இல்லையா?

"என்ன... எத்தனை?"

"ஒரு நாளைக்கு எத்தனை பூச்சி பிடிச்சீங்க?"

சிங்காரம் தண்ணீரைத் துப்பினான். "நாப்பது. நேத்துத் தட்டானையும் சேத்தா நாப்பத்தொண்ணு."

"ஒத்தையாளாவா?"

"வேற யாரு வருவா? தேனீ ஒண்ணும் வரமாட்டேன்னுட்டுதே!"

வடிவு கீழே இறங்கி வந்தாள். மிதக்கிற ஒரு ரோஜாவில் உட்கார்ந்து அவனைக் கொத்தினாள். வலிக்கத்தான் கொத்தினாள். முட்டை இட்ட பிறகு கூடு விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கோபம் அது.

"கூறுகெட்ட மனுஷா! எனக்கு வேண்டியது பூவா? பூச்சி! நாப்பது பூச்சி பிடிக்கிற ஆளு நீங்க! அதை மொதல் நாளே சொல்லியிருந்தா ஒரு பூ இல்லாமலே சம்மதிச்சிருப்பேனே!"

"மொதல் நாளு எனக்குப் பிடிக்கத் தெரியாதே!"

வடிவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டாள்.

"தப்பு என் பேருலயும் இருக்கு. நாரை மூணு தடவை இழுத்துப் பாக்கணும். பூவைப் பாத்து வாயைப் பொளந்துட்டு நின்னேன். இனிமே நிக்க மாட்டேன். ஒம்பது நாள் தாரேன். கூட்டைக் கட்டுங்க. நான் இழுப்பேன், ஆடுவேன், எட்டிப் பாப்பேன். ஒரு முடிச்சு அவிழ்ந்தாலும் வேற வீடு பாத்துக்குவேன்!"

"பூ?"

"பூவைத் தொட்டா இப்பவே போயிடுவேன்!"

முட்டையைத் தள்ளிப்போடுவதெல்லாம் பெண்குருவிகள் சமாசாரம், நமக்கு எதற்கு? சிங்காரம் ஆவுடையப்பனிடம் போனான். முதன்முறையாகத் தலையைக் குனிந்துகொண்டு, "அண்ணே, அந்த மூணு சுத்து எப்படி?" என்று கேட்டான்.

ஆவுடையப்பனுக்கு அதைவிட வேறு சந்தோஷம் வேண்டுமா? நாரைப் பற்றி ஆரம்பித்தான். பொழுது சாயும் வரை பேசினான். சிங்காரம் கொட்டாவி விடாமல் கேட்டான்.

ஒன்பதாம் நாள் வடிவு வந்தாள். நாரைப் பிடித்து மூன்று தடவை இழுத்தாள். நார் வரவில்லை. நான்காவது தடவை காலை ஊன்றிக்கொண்டு இழுத்தாள். அவள்தான் பின்னால் போய் விழுந்தாள். ஊஞ்சலாடினாள். மரமே ஆடியது, கூடு பிடியை விடவில்லை. கடைசியாக உள்ளே எட்டிப் பார்த்தாள். சுவர் முழுக்கக் களிமண், கனமாக, அழுத்தமாக, ஒவ்வோர் உருண்டையிலும் சிங்காரத்தின் அலகுத் தடம்.

"மீதியைக் கட்டுங்க," என்றாள்.

அந்தப் பழைய பூக்கூடு என்ன ஆனது என்று கேட்பீர்கள். அது குளத்திலேயே மிதந்தது. தவளை அதில் ஏறி உட்கார்ந்துகொண்டு மகராசி ஆகிவிட்டது. "அலங்காரம் யாரு?" என்று யாராவது கேட்டால், கரியமாணிக்கம் அண்ணாச்சி, "எனக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லவே!" என்று சொல்லிவிட்டுப் பந்தி இலைக்குப் பறந்துவிடுவார்.

ஆவணி மாதம் சிங்காரத்தின் கூட்டில் மூன்று குஞ்சுகள் கத்தின. அவன் விடியும்போதே வயலுக்குப் போனான். களிமண் ஒட்டாத வெட்டுக்கிளியும் புழுவுமாகக் கொண்டுவந்தான். இந்தத் தடவை மூன்றுக்கும் பத்தியது. கடைசிக் குஞ்சுக்குத்தான் முதலில் ஊட்ட வேண்டும் என்று வடிவு சொல்லியிருந்தாள்.

அந்தக் கடைசிக் குஞ்சு ஒருநாள் வாசலில் தலையை நீட்டிக் குளத்தைப் பார்த்தது.

"அப்பா! தவளை வீட்டுல எவ்வளவு பூ! நம்ம வீட்டுல ஏன் ஒண்ணுகூட இல்ல?"

சிங்காரம் வடிவைப் பார்த்தான். வடிவு அவனைப் பார்த்தாள்.

"வாயைத் தொற!" என்றான் சிங்காரம். ஒரு கொழுத்த கம்பளிப்புழுவை உள்ளே தள்ளினான். குஞ்சு விழுங்கிவிட்டு அடுத்ததற்கு வாயைத் திறந்தது. கேட்ட கேள்வி அதற்கு மறந்தே போய்விட்டது.

இல்லாத சிறப்பை இருப்பதாகக் காட்டுவதற்குப் படுகிற பாட்டில் பாதியை, இருக்கிற வீட்டை உறுதியாக்குவதில் செலவிட்டால், அந்த வீட்டுக்கு வேறு அலங்காரமே வேண்டியதில்லை.